ஒரு கேப்ஸ்யூல், இரண்டு மருந்து, இரண்டு கெடு

கேள்வி: எனக்கு வயது 41. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், குமட்டல் மூன்றும் சேர்ந்து படுத்தியதால் பத்து மாதத்துக்கு முன் மருத்துவரிடம் போனேன். பான்டோப்ரசோல் 40, டோம்பெரிடோன் 30 எஸ்.ஆர். என்று இரண்டும் சேர்ந்த கேப்ஸ்யூலை இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். நன்றாகக் கேட்டது. அதே பெயரைச் சொல்லி வாங்கி இன்றுவரை தினம் காலையில் ஒன்று போடுகிறேன். எரிச்சல் அதிகமான நாளில் ராத்திரியும் ஒன்று. நிறுத்திப் பார்த்தால் மூன்றாம் நாளே முன்னைவிட மோசமாக எரிகிறது. அப்படியானால் இது ஆயுள் முழுக்க வேண்டுமா? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? விழுங்கச் சிரமமாக இருக்கிறது, பிரித்துத் தண்ணீரில் கலக்கலாமா? போன வாரம் என் அப்பா குமட்டுகிறது என்றார். இதையே இரண்டு நாள் கொடுத்தேன். அவருக்கு 71 வயது, இதயத் துடிப்புக்கு மாத்திரை எடுக்கிறார். தப்பில்லையே? இதற்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று: நான்கு மாதமாக மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை. மார்பில் வலி, எப்போதாவது பால்போல ஒரு சொட்டு கசிகிறது. வயதுதான் காரணம் என்று விட்டுவிட்டேன்.

பதில்: சம்பந்தமில்லாதது என்று கடைசி வரியில் எழுதினீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

உங்கள் கேப்ஸ்யூலில் இருக்கும் டோம்பெரிடோன், உடலில் டோபமின் என்ற சமிக்ஞைப் பொருள் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும் மருந்து. இரைப்பையில் அது நடந்தால், வயிற்றில் தேங்கியது சீக்கிரம் கீழே இறங்கும். மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியில் நடந்தால் குமட்டல் அடங்கும். ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் போய்விடாமல் காக்கும் ஒரு தடுப்புச் சுவர் உண்டு; அதைத் தாண்டி இந்த மருந்து மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை. அதனால்தான் இதே வேலையைச் செய்யும் மெட்டோக்ளோப்ரமைடைப்போல அடிக்கடி கை கால் இழுப்பு, கழுத்துத் திருகல் போன்றவற்றைக் கொண்டுவருவதில்லை. ஆனால் வாந்தியைத் தூண்டும் அந்தப் பகுதியைப்போலவே, மூளையின் அடிப்பகுதியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியும் அந்தத் தடுப்புச் சுவருக்கு வெளியே இருக்கிறது. அங்கே டோபமினின் வேலை, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கட்டுக்குள் வைப்பது. டோபமினின் இடத்தை மருந்து பிடித்துக்கொண்டால் கடிவாளம் போய்விடுகிறது. புரோலாக்டின் ஏறுகிறது. மாதவிடாய் தள்ளிப்போவது, மார்பு வலி, பால் கசிவது எல்லாம் அதன் விளைவுகள். ஆண்களுக்கும் வரும், மார்பு வீங்கித் தொட்டால் வலிக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

இதற்காக மருந்துதான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். 41 வயதில் மாதவிடாய் தள்ளிப்போனால் முதலில் பார்க்க வேண்டியது கர்ப்பமா என்று. அதைச் செய்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அவர் புரோலாக்டினும் தைராய்டும் பார்க்கச் சொல்லலாம். ரத்தம் கொடுப்பதற்கு முன் இந்த மருந்து சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், அளவு ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு பிட்யூட்டரியில் கட்டி இருக்குமோ என்று ஸ்கேன் வரை போய்விடும். சந்தேகம் இருந்தால் டோம்பெரிடோனை மூன்று நாளாவது நிறுத்திவிட்டு மறுபடி அளந்து பார்ப்பதுதான் வழக்கம். மருந்துதான் காரணம் என்றால், அதை விட்டபிறகு அளவு தானாக இறங்கும், மாதவிடாயும் பெரும்பாலும் பழையபடி வரும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு மருந்தைப் பத்து மாதம் சாப்பிடவில்லை. இரண்டு மருந்தைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒன்று, அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல்: சில வாரங்கள், தேவைப்பட்டால் மருத்துவர் கண்காணிப்பில் வருடக்கணக்கிலும் எடுக்கக்கூடியது. இன்னொன்று, டோம்பெரிடோன்: சில நாளில் முடிய வேண்டியது. ஒரே உறைக்குள் அடைத்துவிட்டதால் இரண்டின் கெடுவும் ஒன்றாகத் தெரிகிறது. உங்கள் மருத்துவர் இரண்டு வாரம் என்று எழுதியதற்குக் காரணம் அந்த இரண்டாவது ஆள்.

அட்டையின் முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். அதைத் திருப்பினால் பொடி எழுத்தில் உள்ளே இருப்பது என்ன, எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். நான் மருந்தாளுநராக இருக்கும் இத்தனை வருடத்தில், அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'கேஸ் மாத்திரை' என்றுதான் கேட்பார்கள், கேஸ் மாத்திரை என்றுதான் கொடுப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு இதே சேர்க்கையை மாதாமாதம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஏறக்குறைய ஒரு வருடம். ஒரு நாள் அவர், மார்பில் சட்டை உரசினாலே வலிக்கிறது, களிம்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. களிம்பு தரவில்லை, மருத்துவரிடம் அனுப்பினேன். அதன்பிறகு இந்த அட்டையை யார் இரண்டாம் முறை கேட்டாலும் 'எத்தனை நாளாக?' என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

டோம்பெரிடோன் 1974-ல் பெல்ஜியத்தில் உருவான மருந்து. ஊசியாக நரம்பில் ஏற்றும் வடிவம் 1980-களின் நடுவிலேயே உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. காரணம், இதயத் துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுபோன சம்பவங்கள். மாத்திரையாகச் சாப்பிடும்போது ரத்தத்தில் அவ்வளவு ஏறாது என்பதால் மாத்திரை தொடர்ந்தது. பிறகு 2010-ல் நெதர்லாந்திலும் கனடாவிலும் வந்த ஆய்வுகள், மாத்திரையிலும் திடீர் இதய மரண ஆபத்து ஓரளவு கூடுவதைக் காட்டின. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், ஒரு நாளில் 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் அது அதிகம் என்று தெரிந்தது. 2014-ல் ஐரோப்பிய மருந்து ஆணையம் கட்டுப்பாட்டை இறுக்கியது. குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும்தான் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறைக்கு மேல் கூடாது. பொதுவாக ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் என்று இருந்த அனுமதி நீக்கப்பட்டது. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு எந்த நோய்க்கும் பொது விற்பனை அனுமதி கிடையாது. தாய்ப்பால் அதிகம் சுரக்க இதைச் சாப்பிடாதீர்கள் என்று அந்நாட்டு மருந்து ஆணையம் 2004-லேயே எச்சரித்தது. மற்ற பல நாடுகளில் பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், ஒமெப்ரசோல் இவற்றோடு சேர்ந்து தாராளமாகக் கிடைக்கிறது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கேப்ஸ்யூலில் 30 எஸ்.ஆர். என்று இருக்கிறது. எஸ்.ஆர். என்றால் மெல்ல மெல்ல நாள் முழுக்க வெளிவரும் வடிவம். அதாவது ஒரு கேப்ஸ்யூலிலேயே ஒரு நாளின் உச்ச வரம்பு முடிந்துவிட்டது. எரிச்சல் அதிகமான நாளில் ராத்திரி இன்னொன்று போட்டால் 60. எரிச்சலுக்காகத்தான் போட்டீர்கள், ஆனால் எரிச்சலுக்கு அதில் பெரிதாக வேலை செய்யாத மருந்தும் சேர்ந்து இரட்டிப்பானது. அந்த ராத்திரி கேப்ஸ்யூலை இன்றோடு விட்டுவிடுங்கள். இதற்கு மருத்துவரைப் பார்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இதயம் நன்றாக இருக்கும் இளவயதுக்காரர் ஒருவர் வாந்தியோ குமட்டலோ வந்தபோது ஐந்தாறு நாள் சாப்பிடுவதில் ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து எங்கே கூடுகிறது என்றால், இரண்டு மூன்று விஷயம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது. ஈசிஜியில் கியூடி இடைவெளி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்சார ரீதியாகத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள எடுக்கும் நேரம் அது. டோம்பெரிடோன் அதை நீட்டும். வேறு பல மருந்துகளும் நீட்டும்: அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், எஸ்சிடாலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள், ஹைட்ராக்சிகுளோரோகுயின், குமட்டலுக்கே கொடுக்கும் ஆன்டான்செட்ரான். 'குமட்டலுக்கு இதுவும் போடு, அதுவும் போடு' என்று டோம்பெரிடோனையும் ஆன்டான்செட்ரானையும் சேர்த்து விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஜோடி ஆகாது.

இன்னொரு கூட்டம் வேறு வழியில் ஆபத்தை ஏற்றும். டோம்பெரிடோனைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை முடக்கிவிடும் மருந்துகள் அவை. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், ஃபுளூகோனசோல், எச்ஐவிக்கான சில மருந்துகள். இவற்றோடு சாப்பிட்டால் நீங்கள் விழுங்குவது 30 ஆக இருந்தாலும் ரத்தத்தில் இருப்பது அதைவிட மிக அதிகமாகிவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. இரைப்பையில் எச்.பைலோரி கிருமி இருந்தால் அதற்கான சிகிச்சையில் கிளாரித்ரோமைசின் இருப்பது வழக்கம், கூடவே ஒரு அமிலக் குறைப்பு மருந்தும். அந்த அமிலக் குறைப்பு மருந்து தனியாக இருக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் டோம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூலை அதற்குப் பதிலாகப் போட்டு அட்டையைத் தீர்க்கக் கூடாது. 'ரெண்டும் பான்டோப்ரசோல்தானே' என்று தோன்றும். இல்லை.

சரி, அந்த முதல் மருந்து. பான்டோப்ரசோல் நல்ல மருந்து. இந்த வகையில் முதலில் வந்தது ஒமெப்ரசோல், 1988-ல். அதற்கு முன் வயிற்றுப்புண்ணுக்கு அறுவைச் சிகிச்சை வரை போனவர்கள் ஏராளம். இரைப்பைச் சுவரின் செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. இந்த மருந்து சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியாகச் சுற்றி வந்து, அந்தப் பம்புகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை நிரந்தரமாக அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் அது இருப்பதே சில மணி நேரம்தான். ஆனால் உடல் புதிய பம்பைச் செய்தால்தான் அமிலம் திரும்பும் என்பதால், விளைவு ஒரு நாளுக்குமேல் நிற்கும்.

இதிலிருந்தே உங்கள் 'முன்பா, பின்பா' கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. சாப்பிடும்போதுதான் பம்புகள் விழித்து வேலை செய்யும். வேலை செய்கிற பம்பைத்தான் இந்த மருந்தால் பிடிக்க முடியும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். டோம்பெரிடோனும் சாப்பாட்டுக்கு முன் எடுக்கிற மருந்துதான். சாப்பிட்டு எழுந்தபின் போட்டால் பாதி வீண். மாத்திரை போட்டுவிட்டு மதியம்வரை எதுவும் சாப்பிடாமல் இருந்தாலும் அதே கதை. இன்னொன்றும் புரியும்: எரிகிற நேரத்தில் இதை விழுங்கினால் உடனே அணையாது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். நீங்கள் ராத்திரி போட்ட இரண்டாவது கேப்ஸ்யூல் அந்த ராத்திரி எரிச்சலுக்குச் செய்தது மிகக் கொஞ்சம். அந்த நேரத்துக்கு ஏற்றது அமிலத்தை உடனே முறிக்கிற ஆன்டாசிட் திரவம் அல்லது மெல்லும் மாத்திரை; அல்லது இரைப்பையில் நுரைபோல மிதந்து அமிலம் மேலே வராமல் மூடிவைக்கும் அல்ஜினேட் வகை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் ஆன்டாசிட்டைக் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

இங்கே எனக்கு நெடுநாளாக ஒரு புலம்பல் உண்டு. டோம்பெரிடோன் சரியாகக் கரைந்து உறிஞ்சப்பட வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலம் குறைந்தால் உறிஞ்சப்படுவதும் குறையும் என்று அந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆன்டாசிட்டை இதோடு ஒரே நேரத்தில் சாப்பிடாதீர்கள் என்றும் அதனால்தான் எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட மருந்தை, அமிலத்தை அடியோடு குறைக்கும் மருந்தோடு ஒரே உறையில் கட்டிப்போட்டிருக்கிறோம்!

பிரித்துத் தண்ணீரில் கலக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. காலாவதியான ஒரு கேப்ஸ்யூலை ஒருமுறை வெள்ளைத்தாளில் கொட்டிப் பார்த்தேன். கடுகைவிடச் சிறிய குருணைகள், இரண்டு நிறத்தில். ஒரு நிறம் பான்டோப்ரசோல். ஒவ்வொரு குருணைமேலும் ஒரு பூச்சு; அமிலத்தில் கரையாது, சிறுகுடலில்தான் கரையும். பூச்சு இல்லாவிட்டால் இந்த மருந்து இரைப்பை அமிலம் பட்ட சில நிமிடத்திலேயே கெட்டுப்போகும். அமிலத்தைக் குறைக்க வந்த மருந்துக்கு அமிலம்தான் எமன். இன்னொரு நிறம் டோம்பெரிடோன். அதன்மேல் வேறுவிதப் பூச்சு, மருந்தை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு. நசுக்கினாலோ மென்றாலோ முதலாவது வீணாகும், இரண்டாவது மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கும். முழுதாக, ஒரு தம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடியோ நின்றபடியோ விழுங்குங்கள். கேப்ஸ்யூல் பெரிது என்றால், சிறிய மாத்திரையாகவோ தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகையாகவோ கிடைக்கிற அமிலக் குறைப்பு மருந்து இருக்கிறது, மாற்றிக் கேட்கலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கேப்ஸ்யூலை விழுங்கத்தான் சிரமமா, சாப்பாடும் தொண்டைக்குக் கீழே நெஞ்சில் நிற்பதுபோல இருக்கிறதா? இரண்டாவது என்றால் விஷயம் வேறு. எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி அல்லது காப்பித்தூள்போன்ற வாந்தி, தார்போலக் கறுத்த மலம், ரத்தசோகை, ஓயாத வாந்தி, இவையும் அப்படித்தான். உள்ளே கட்டி ஏதாவது இருந்தால், இந்த மருந்துகள் அதைக் குணப்படுத்தாமலே எரிச்சலை மட்டும் அமுக்கிவைக்கும். பத்து மாதம் பரிசோதனை இல்லாமல் சாப்பிட்டதில் எனக்கு இருக்கும் இன்னொரு கவலை இதுதான்.

அடுத்தது, நிறுத்தினால் மூன்றாம் நாளே எரிகிறதே என்பது. நோய் மோசமாகிவிட்டது, இனி விடவே முடியாது என்று எல்லோரும் இதை வைத்துத்தான் முடிவுகட்டுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அமிலம் குறைந்துவிட்டது என்று உடல் நினைத்து, அமிலத்தைத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை இத்தனை மாதமும் கூட்டிக்கொண்டே வந்திருக்கும். மருந்தைச் சட்டென்று நிறுத்தியதும், தடை விலகிய வயிறு வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். 2009-ல் டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல், பிறகு நிறுத்தினார்கள். மீதிப் பேருக்கு ஆரம்பத்திலிருந்தே வெற்று மாத்திரை. நிறுத்தியபின் நான்கு வாரத்தில், மருந்து சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, அஜீரணம் என்று ஏதாவது வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவர்களுக்கே இப்படி. ஆகவே மூன்றாம் நாள் எரிச்சலை வைத்து ஆயுள் முழுக்க வேண்டும் என்று தீர்மானிக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு அது சில வாரத்தில் அடங்கிவிடும்.

எப்படி விடுவது? முதல் படி, மருத்துவரிடம் கேட்டு டோம்பெரிடோன் இல்லாத, தனி அமிலக் குறைப்பு மருந்துக்கு மாறுவது. உங்கள் மாதவிடாய்ப் பிரச்சினைக்கும் அது வேண்டும். குமட்டல் இப்போதும் இருந்தால், அது ஏன் பத்து மாதமாக இருக்கிறது என்று காரணம் தேட வேண்டுமே தவிர மருந்தை நீட்டக் கூடாது. இரண்டாவது படியை அவசரமில்லாமல் செய்யலாம். 40-ஐ 20 ஆக்கி இரண்டு மூன்று வாரம், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு நிறுத்தம். இடையில் எரிந்தால் ஆன்டாசிட்டோ அல்ஜினேட்டோ. சட்டென்று நிறுத்துகிறவர்களும் உண்டு, அதுவும் தவறில்லை. முதல் சில வாரத்தை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தவர்கள், பேரட் உணவுக்குழாய் (அமிலம் பட்டுப்பட்டு உணவுக்குழாயின் உட்சுவர் மாறிப்போவது) என்று கண்டறியப்பட்டவர்கள், ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுப்பதால் இரைப்பையில் ரத்தம் கசியும் அபாயம் உள்ளவர்கள் ஆகியோர் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்குத் தொடர்ந்து சாப்பிடுவதுதான் பாதுகாப்பு.

கூடவே செய்ய வேண்டியவை உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் கொடுப்பது. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது. எடை கூடியிருந்தால் குறைப்பது. இந்தக் கடைசிதான் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும், இதைத்தான் யாரும் செய்வதில்லை.

பான்டோப்ரசோலை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், எலும்பு முறிவு அபாயம் சற்றுக் கூடலாம், குடல் தொற்று வரலாம், அபூர்வமாகச் சிறுநீரக அழற்சியும் வரும். இவற்றில் உங்கள் சேர்க்கைக்கு மிகவும் சம்பந்தப்பட்டது மக்னீசியம். நீண்டநாள் எடுப்பவர்களில் சிலருக்கு ரத்தத்தில் மக்னீசியம் இறங்கும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2011-ல் எச்சரித்தது. மக்னீசியம் இறங்கினால் என்ன ஆகும்? தசைப்பிடிப்பு, கைநடுக்கம், கூடவே அதே கியூடி இடைவெளி நீளும். அதாவது கேப்ஸ்யூலின் ஒரு பாதி மாதக்கணக்கில் மெதுவாக மக்னீசியத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. மறு பாதி, மக்னீசியம் குறைந்த இதயத்தில் இன்னும் ஆபத்தாகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இது கண்ணில் படாது. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு மக்னீசியமும் பொட்டாசியமும் ஏற்கெனவே குறைந்திருக்கலாம் என்பதால் அவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பத்து மாதம் ஆகிவிட்டதால் உங்களுக்கும் மக்னீசியம், பொட்டாசியம், பி12, ஒரு ஈசிஜி பார்த்துவிடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது உங்கள் அப்பா. நல்லெண்ணத்தில்தான் கொடுத்தீர்கள். ஆனால் இந்த மருந்தை யாருக்குக் கொடுக்கவே கூடாது என்று ஒரு பட்டியல் போட்டால் அதில் அவர் முதல் வரிசையில் நிற்பார்: 60-ஐத் தாண்டியவர், துடிப்புக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர். அந்த மருந்து அமியோடரோனாகவோ சோட்டலாலாகவோ இருந்தால் அவையும் கியூடியை நீட்டுபவைதான். இனி ஒன்றும் கொடுக்காதீர்கள். நிறுத்திய இரண்டு நாளில் டோம்பெரிடோன் பெரும்பாலும் உடலைவிட்டுப் போய்விடும் என்பதால், போன வாரத்தை நினைத்து இப்போது கலங்க வேண்டியதில்லை. அன்றைக்கோ பிறகோ படபடப்பு, தலைசுற்றி விழுவது, மயக்கம் ஏதாவது வந்திருந்தால் மட்டும் இன்றே அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். மயக்கம் போட்டு விழுந்தால் அவசரப் பிரிவுக்குத்தான்.

அவருக்குக் குமட்டல் ஏன் வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. துடிப்புக்காகக் கொடுக்கும் டிகாக்சின் உடலில் அளவு மீறினால் முதலில் தெரியும் அறிகுறிகளில் ஒன்று குமட்டலும் பசியின்மையும். சிலருக்குப் பார்க்கும் பொருளெல்லாம் மஞ்சளாகத் தெரியும். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தாலே அந்த அளவு ஏறிவிடும். அந்தக் குமட்டலை இன்னொரு மாத்திரையால் அமுக்கினால், வந்த எச்சரிக்கையை வாயடைத்த மாதிரி. மாரடைப்பும் வயதானவர்களுக்குச் சில நேரம் நெஞ்சுவலியே இல்லாமல் குமட்டலும் வியர்வையுமாக வரும். அவர் எடுக்கும் அத்தனை மாத்திரைகளின் பொடி எழுத்துப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அவரை இந்த வாரமே காட்டுங்கள். ரத்தம் கட்டாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் அதில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அதன் வேலையைக் குறைக்கும், அவருக்கு அமிலக் குறைப்பு மருந்து தேவைப்பட்டால் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடல் அடைப்போ வயிற்றில் ரத்தக்கசிவோ இருப்பவர்கள், பிட்யூட்டரியில் புரோலாக்டின் கட்டி உள்ளவர்கள் யாரும் டோம்பெரிடோனைத் தொடக் கூடாது. கர்ப்பகாலக் குமட்டலுக்கும் வீட்டில் இருக்கிறதே என்று இதை எடுத்துப் போடாதீர்கள். உங்கள் பரிசோதனை கர்ப்பம் என்று சொன்னால், கேப்ஸ்யூலை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது வெற்று அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். 'கேஸ் மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று சொல்லாமல், 'பான்டோப்ரசோல் 40-ம் டோம்பெரிடோன் 30 எஸ்.ஆரும் பத்து மாதமாகச் சாப்பிடுகிறேன், சில நாள் இரண்டு வேளை, இப்போது மாதவிடாய் தவறுகிறது, பால் கசிகிறது' என்று இதே வரிசையில் சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அட்டைகளை அப்பாவின் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.